சோத்தாங்கைப் பக்கம்

எந்தப் பக்கம் போட்டேன். சீப்பிலிருந்து வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகத் திருகிப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வருகிறது, வந்ததும் கை நின்றுவிடுகிறது. நேற்று சாயங்காலம், ஏரிக்கரை ரோடு முடிந்து இரண்டாகப் பிரிகிற இடத்தில், குழந்தை ஜெனியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே குனிந்து, சுண்ணாம்புக் கரைசலில் பிரஷ்ஷை முக்கித் தாரில் ஓர் அம்பு வரைந்தேன். வரைந்தது நிச்சயம். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை இருக்கிறது. அம்பின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்தது என்பதுதான் எனக்குள் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோலத் துழாவுகிறேன், வெறும் ஈறுதான் தட்டுப்படுகிறது. வலப்பக்கம் திரும்பினால் ஊருக்குள் இறங்கி, ரேஷன் கடையைச் சுற்றிக்கொண்டு, நான் நிற்கிற இந்த வேப்பமரத்தடிக்கு வரலாம். இடப்பக்கம் திரும்பினால் ஏரியை ஒட்டியே ஒரு சரிவு, சரிவின் அடியில் ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் தண்ணீரைக் கடக்க ஒரு தரைப்பாலம், அதைத் தாண்டினாலும் இதே வேப்பமரத்தடிதான். தாண்டினால். முந்தாநாள் வெள்ளத்தில் தரைப்பாலம் பாதி போய்விட்டது. நேற்று ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா என் பிரஷ்ஷையும் டப்பாவையும் பார்த்துவிட்டு நின்று சொன்னாள், "யம்மா, அந்தாண்ட யாரையும் போவ சொல்லாத. தரப்பாலம் அத்துக்கினு பூட்ச்சு. காத்தால ஒரு கன்னுக்குட்டி உள்ள உழுந்து, கம்பி குத்தி, கொடலு வெளிய வந்து கெடந்துது. இன்னும் கத்திக்கினே இருந்துச்சு பாவம்." முள் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், ஆனால் சரிவின் அடியில், பாலத்துக்குப் பக்கத்தில். மேலேயிருந்து பார்த்தால் முள் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் ஏரிதான் தெரியும், ஏரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான் தெரியும். அதற்குத்தானே வருகிறார்கள்.

சென்னையிலிருந்து வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு. ஒவ்வொரு சைக்கிளும் எங்கள் வீட்டு வருட வாடகையைவிட அதிகம். ஒரு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. சரிவில் இறங்கும்போது மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் டிக்டிக்டிக்கென்று சத்தம் போடும், இருபது சைக்கிள் சேர்ந்து வந்தால் வயல் முழுக்கப் பூச்சி கத்துகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன், வீட்டு வாசலில் அது கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ரெஜினால்டு. எல்லோருக்கும் ரெஜி சார், ரெஜி அண்ணா, தலைவரே. வாரம் முழுக்கக் கார் கம்பெனியில் ஷிப்ட், ஞாயிறானால் இவர்களைச் செங்கல்பட்டைச் சுற்றியிருக்கிற ஏரிக்கரைகள் வழியாக அழைத்துப் போகிற தலைவர். ஐந்து ஏரிச் சுற்று என்று பேர் வைத்திருக்கிறார். எல்லாம் நான் சொன்ன வழி. அவர் பெரம்பூர்க்காரர், அவருக்கு ஏரியும் தெரியாது குளமும் தெரியாது. நான்தான் லேடிபேர்டு சைக்கிளில் இந்தக் கரைகள்மேல் கான்வென்ட்டுக்குப் போய்வந்தவள். எந்தக் கரையில் எதிர்காற்று அடிக்கும், எந்த மதகுக்கிட்டே நாய் துரத்தும், எந்த ஏரியில் கூழைக்கடா இறங்கும், எல்லாம் கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன், அவரும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் எங்கே போனார் என்று சில சமயம் யோசிப்பேன். இப்போது அவர் முன்னால் போகிறார், நான் மேசை போடுகிறேன். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், வேகவைத்த உருளைக்கிழங்கு. போகிற வழியெல்லாம் அவர் சொல்கிற ஜோக் ஒன்று உண்டு. "எங்க வீட்டம்மா எந்தப் பக்கம் கை காட்டறாளோ அதுக்கு எதிர்ப்பக்கம் போங்க, கரெக்டா ஊரு வந்துரும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் வீட்டுக்குப் போனதும், என்னடி எல்லார் முன்னாடியும் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிட்டு.

பொய் இல்லை அந்த ஜோக். எனக்குப் பக்கம் குழம்பும். பிறந்தபோது குழம்பவில்லை. இரண்டாம் வகுப்பில் சிஸ்டர் கொன்சாகா என் இடக்கையை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அடிஸ்கேலின் மட்டப்பக்கத்தால் அல்ல, விளிம்பால், மணிக்கட்டுக்கும் விரலுக்கும் நடுவிலிருக்கிற மேட்டில் அடித்தபோதுதான் குழம்ப ஆரம்பித்தது. அடிக்கும்போது சிஸ்டர் கோபப்பட மாட்டார். அதுதான் பயம். ஜெபம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், "இது என்ன கை, பிலோமினா?" "பீச்சாங்கை, சிஸ்டர்." "இது?" "சோத்தாங்கை, சிஸ்டர்." "ஆண்டவர் எந்தக் கையால் ஆசீர்வதித்தார்?" எலும்பு வீங்கி, பென்சில் பிடிக்க முடியாமல் போனபிறகு வேறு வழியில்லாமல் வலக்கைக்கு வந்தேன். எழுதினேன், பரிசுகூட வாங்கினேன். ஆனால் சோத்தாங்கை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் உடம்புக்குள் முதலில் திடுக்கென்று எழுந்திருப்பது இடக்கைதான், பசி எடுத்த கை அதுதானே, எழுந்ததும் அடி ஞாபகம் வந்து உட்கார்ந்துவிடும், பிறகு வலக்கை மெதுவாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் கண் சிமிட்டுகிற நேரம். சாதாரண நாளில் அது யாருக்கும் தெரியாது. பயந்த நாளில் அந்தச் சிமிட்டல் நீண்டுகொண்டே போகும், அதற்குள் நான் விழுந்துகொண்டே இருப்பேன். நேற்று பயந்த நாள்.

ஜெனி இப்போது என் காலடியில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு மாதம். வலக்கையால் கடலைமிட்டாய்க் கவரைச் சுரண்டுகிறாள், முடியவில்லை, என்னைப் பார்க்கிறாள், அழவில்லை. நேற்று இட்லியை இடக்கையால் எடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. தட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தானே வாயில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்துச் சிரித்தாள். எங்களுக்குப் பின்னால் அவர் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு ஹேண்டில்பாருக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தார், கறுப்பு டேப், மெத்தென்று இருக்கும், ஒருபக்கம் பசை. "உன் பீச்சாங்கைப் புத்தி அதுக்கும் வந்துருச்சா," என்றார். குரலில் கோபம் இல்லை. சிஸ்டர் குரல். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் விளையாட்டு என்று நினைத்துக் கையை அவளே நீட்டினாள். விரல்களை மடக்கி, முஷ்டியாக்கி, மணிக்கட்டிலிருந்து சுற்ற ஆரம்பித்தார், ஹேண்டில்பாருக்குச் சுற்றுவது போலவே, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, இழுத்து இழுத்து, அழகாக. மூன்றாவது சுற்றில் அவளுக்குப் புரிந்தது. நான் அவர் கையைப் பிடித்தேன். பிடித்த கையைப் பார்த்தார், பார்த்துவிட்டு முழங்கையைப் பின்னால் ஒரு இடி இடித்தார், என் மார்பில், பால் கட்டியிருந்த பக்கத்தில். மூச்சு வரவில்லை. நைட்டி நனைந்தது. "சோத்தாங்கையால சாப்பிடப் பழகட்டும். நாளைக்கு ரைடு முடிஞ்சு வந்து நானே அவுப்பேன். நீ தொட்ட, உனக்கும் சுத்துவேன்." அதன்பிறகு சுண்ணாம்பு டப்பாவை என் பக்கம் காலால் தள்ளினார். "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. போயி அம்பு போட்டுட்டு வா." அப்படித்தான் ஸ்கூட்டியில் கிளம்பினேன், முன்னால் துணியால் கட்டிக்கொண்ட குழந்தை விக்கிக்கொண்டே வர. அப்படித்தான் அந்தப் பிரிவில் நின்றேன். அதனால்தான் தெரியவில்லை எந்தப் பக்கம் என்று.

சொல்ல முயற்சி செய்தேன். அதை யாராவது கேட்டால் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து அவர் வந்து படுத்தபோது சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. காலையில் நான் வேனில் ஏறும்போது அவரே கேட்டார், சென்னைக்காரர்கள் சுற்றி நிற்க, "பிரிவுல எந்தப் பக்கம் போட்ட?" "சோத்தாங்கைப் பக்கம்," என்றேன். "யாரோட சோத்தாங்கை?" ஒருவர் சிரித்தார். "ஏரியோரமாப் போற வழின்னு நீதானே சொன்ன? ஏரி பீச்சாங்கைப் பக்கம்ல வரும்?" "இல்லைங்க, அந்தத் தரைப்பாலம் வந்து..." "வாயை மூடு. காலங்காத்தால பாலம் கீலம்னு." அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "சோத்தாங்கைன்னு சொன்னா பீச்சாங்கைன்னு அர்த்தம். எங்க வீட்டு அகராதி." இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். என் போனை என் கையிலிருந்து எடுத்துத் தன் பனியன் முதுகுப் பையில் ஸ்பேர் ட்யூபுக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டார், எப்போதும் செய்வதுதான், மேசையை விட்டுவிட்டு நான் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. என்னை இறக்கிவிட்ட வேன் டிரைவர் மோசஸ் அண்ணன் தண்ணீர் கேன் எடுத்துவர வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போகும்போது, "டேபிளை உட்டு எங்கியும் போயிடாதம்மா, சார் வந்து ஆளு இல்லன்னா என்னத்தான் கிழிப்பாரு," என்றார். ஆக மேசையும் நானும் ஜெனியும். அப்புறம் அந்த அம்பு.

நினைவுபடுத்திப் பார்க்கிறேன். குனிந்தேன். ஏரி எந்தக் கன்னத்தில் பட்டது. காற்று ஈரமாக இருந்தது, இடது கன்னம்தான் குளிர்ந்தது, அப்படியென்றால் சைக்கிள்கள் போகிற பக்கமே நானும் பார்த்து நின்றிருக்கிறேன். பிரஷ் எந்தக் கையில். குழந்தை எந்த இடுப்பில். வலது இடுப்பு என்றால் பிரஷ் இடக்கையில், யாரும் இல்லாத ரோட்டில் இடக்கை தானாகவே வந்து பிரஷ்ஷைப் பிடித்திருக்கும். இடக்கையால் கோடு இழுத்தால் கை எந்தப் பக்கம் ஓடும். வெளிப்பக்கமா. வெளிப்பக்கம் என்றால் ஏரிப்பக்கம். ஆனால் ஆட்டுக்கார அம்மா வந்தது அம்புக்கு முன்பா பின்பா. முன்பு என்றால் நான் தெரிந்தே. தெரிந்தே என்ற சொல்லின்மேல் நிற்க முடியவில்லை, சூடாக இருக்கிறது, காலை மாற்றி மாற்றி வைக்கிறேன். சுண்ணாம்பு சொட்டி வலது செருப்பில் விழுந்திருக்கிறது. அதனால் என்ன தெரிகிறது. ஒன்றும் தெரியவில்லை. அருள் நிறைந்த மரியே. எதிரே ஏரி பனியில் வெளுத்துக் கிடக்கிறது, ஒரு பட்டமரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு, சிலுவையில் அறைந்தமாதிரி. இன்னொன்று முங்கி எழுந்தது, அலகில் விரால் குஞ்சு, உதறி உதறித் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்குகிறது, தொண்டைக்குள் மீன் உயிரோடு நெளிவது வெளியிலிருந்தே தெரிகிறது. பெடலில் அவர்கள் ஷூ மாட்டிக்கொள்ளும், அடியில் ஒரு கொக்கி, குதிகாலைத் திருகினால்தான் கழலும். எனக்குக் காட்டியிருக்கிறார். சடாரென்று விழுந்தால் கழற்ற நேரம் இருக்காது, சைக்கிளோடுதான் விழவேண்டும். சைக்கிளோடு. சரிவில் சைக்கிள் பறக்கும், முள்ளைப் பார்க்கும்போது முள்ளுக்குள் இருப்பார், முள் கண்ணில், அதற்கப்புறம் கம்பி, கன்றுக்குட்டியைக் குத்திய கம்பி, நான் அதைப் பார்க்கவில்லை, பார்க்காததால் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது, துருப்பிடித்த நுனி, சிவப்புப் பனியன், பனியன் முதுகுப் பையில் என் போன், தண்ணீருக்குள் போன் கொஞ்ச நேரம் வெளிச்சமாக இருக்கும், அம்மா கூப்பிடுவாள், மணி அடிக்கும், தண்ணீருக்குள். என் தொடையில் பழைய சைக்கிள் ட்யூபால் அடித்த தடம் இருக்கிறது, ட்யூப் சத்தம் போடாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, வால்வு பட்ட இடம் மட்டும் குழியாகிவிடும். அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. எது நன்றாக இருக்கிறது. யார் சொன்னது. ஆண்டவரே, நான் சொல்லவில்லை. முதலில் வருவது அவர்தான், எப்போதும் அவர்தான் முன்னால், ஆனால் அவர் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே மற்றவர்கள் வருவார்களே, ஒருவர் சக்கரத்துக்கும் இன்னொருவர் சக்கரத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காதே. டாக்டர் சுபத்ரா வருவாரே. போன மாதம் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "இது எப்படி ஆச்சும்மா?" என்று கேட்டவர். விழுந்துட்டேன் டாக்டர் என்றதும் நம்பாதமாதிரி ஒரு பார்வை பார்த்து, ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார். அவரும் சரிவில் இறங்குவார். எல்லோருமா. அம்பு ஒன்று, இருபது பேர்.

ஜெனி முனகுகிறாள். குனிந்து டேப் சுற்றிய கையைத் தூக்கிப் பார்க்கிறேன். மணிக்கட்டுக்கு மேலே சதை பிதுங்கி, நிறம் மாறியிருக்கிறது, கத்தரிக்காய் நிறம். நானே அவுப்பேன், நீ தொட்ட. தொட்டால் என்ன ஆகும் என்று தெரியும், படிப்படியாகத் தெரியும், வேனில் சிரித்துக்கொண்டே வருவார், வீட்டில் முதலில் ஜன்னலைச் சாத்துவார். பழம் நறுக்குகிற கத்தி மேசையில் இருக்கிறது. கத்தியைக் கையில் எடுக்கிறேன், இதே கத்தியை வேறு எதற்கெல்லாம் நினைத்திருக்கிறேன் என்று கத்திக்குத் தெரியும். டேப்பின் முனையைக் கிள்ளி, கத்தி நுனியை நுழைத்து, அவள் தோலைப் பார்த்துப் பார்த்து, அறுக்கிறேன். மெத்தென்ற டேப், சீக்கிரம் அறுபடவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். பசை உதட்டில் ஒட்டிக் கசந்தது. உள்ளேயிருந்து கை வந்தது. வெளுத்து, சுருங்கி, தண்ணீரில் ரொம்ப நாள் ஊறிய கை மாதிரி, விரல்கள் மடங்கியபடியே. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள், யாருடையதோ என்பது போல. ஒவ்வொரு விரலாக நான் தேய்த்துப் பிரித்தேன், இரத்தம் திரும்புகிற வலியில் இப்போதுதான் வீறிட்டாள், வீறிட்டுக்கொண்டே கை நீட்டி மேசை ஓரத்திலிருந்த பழத்தைப் பிடித்தாள். இடக்கையால். அடிபட்ட கையால்தான் முதலில் கேட்கிறாள். எனக்குள் இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்தது அப்போது எழுந்தது, அது கோபமா என்று தெரியவில்லை, கோபம் என்றால் இவ்வளவு அமைதியாக இருக்காது. அவளைத் தூக்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மேசையை விட்டுவிட்டு. பிரிவு இங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஊர் வழியாக. ரேஷன் கடை வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது, யாரோ ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டே தலைநிமிர்ந்து பார்த்தாள், வெள்ளை மாவு, எந்தக் கையால் போடுகிறாள் என்று பார்த்தேன், பார்த்தது எதற்கு என்று தெரியவில்லை. நடை ஓட்டமானது. பார்த்துவிட்டால் போதும், அம்பு சரியாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம், அவர் வருவதற்குள். தப்பாக இருந்தால் காலால் அழித்துவிடலாம். அழித்தபின் அது தப்பாக இருந்ததே இல்லை.

அம்பு இல்லை. ராத்திரி மழை பெய்திருக்கிறது, எங்கள் வீட்டில் கேட்காத மழை இங்கே பெய்திருக்கிறது. தார்மேல் பால் கொட்டித் துடைத்தமாதிரி ஒரு வெள்ளைக் கறை, வாலும் இல்லை மூக்கும் இல்லை. நான் என்ன போட்டேன் என்பது இனி எப்போதும் தெரியாது. அதை நினைத்து நிற்கக்கூட நேரமில்லை, கரைமேல் பூச்சிச் சத்தம். முதலில் ஒரு சைக்கிள், டாக்டர் சுபத்ரா, தனியாக, எங்கேயோ கூட்டம் நின்றபோது நிற்காமல் முன்னாலேயே வந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்து நின்றேன். வலது இடுப்பில் குழந்தை. இருக்கிற கையை நீட்டினேன். எதிரே வருகிறவருக்கு என் இடம் வலம். அதை நான் யோசிக்கவில்லை, கை தானே போனது, போனபின்தான் புரிந்தது, எதிரே நின்றால் என் கை சரியான கை. அவர் தலையாட்டி வலப்பக்கம் திரும்பினார். "தாங்க்ஸ்மா. பாப்பா எப்படி இருக்கா," என்று கேட்டுக்கொண்டே ஊருக்குள் இறங்கிப் போனார். ஒரு உயிர் தப்பியது. அப்புறம் கூட்டம் வந்தது, வளைவில் சிவப்புப் பனியன் முன்னால், குனிந்து, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு, அவருக்கும் அடுத்த சைக்கிளுக்கும் கொஞ்சம் இடைவெளி, எல்லோரும் பின்தங்கும்படி மிதித்துக் காட்டுவார், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். என் கை நீட்டியபடியே இருந்தது. என்னைப் பார்த்துவிட்டார். மேசையில் இருக்க வேண்டியவள் ரோட்டில் நிற்கிறாள். குழந்தையின் கையில் டேப் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், கண் சுருங்கியது, பின்னால் ஆட்கள் இருப்பது ஞாபகம் வந்து வாய் சிரித்தது. "பாருங்கப்பா, பீச்சாங்கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. மாத்திக் காட்டறா. வாங்க, ஏரிப்பக்கம்." சொல்லிக்கொண்டே சைக்கிளை இடப்பக்கம் சாய்த்தார். என் முழங்கையை உரசிக்கொண்டு காற்று போனது. அவருடைய வியர்வை வாடை, எனக்குத் தெரிந்த வாடை. நான் குறுக்கே போயிருக்கலாம். ஒரு அடி. கத்தியிருக்கலாம். அதற்கு ஒரு சொல் போதும், பாலம். வாயை மூடு என்றது காலையில் அவர்தான், அதனால்தான் மூடியிருந்ததா, இல்லை. தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டியபிறகுதான் குரல் வந்தது. வந்தபோது எவ்வளவு பெரிதாக வந்தது. "பாலம் இல்ல, போகாதீங்க, பாலம் இல்ல," என்று ஏரியின் அக்கரைக்குக் கேட்கிறமாதிரி கத்திக்கொண்டே நான் இடப்பக்க ரோட்டின் நடுவில் குழந்தையோடு போய் நின்றேன், வருகிற அத்தனை சைக்கிளுக்கும் குறுக்கே. பிரேக் கிறீச்சிட்டது. ஒன்றன்மேல் ஒன்று மோதி இரண்டு பேர் விழுந்தார்கள், ஒரு சக்கரம் என் கணுக்காலில் இடித்தது, "பைத்தியமாம்மா உனக்கு, குழந்தையை வெச்சிக்கிட்டு," என்று ஒருவர் திட்டினார். அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. காலி டின்னை மிதித்தமாதிரி. அப்புறம் டிக்டிக்டிக், எங்கேயோ ஆகாசத்தைப் பார்த்துச் சுற்றுகிற சக்கரம், மெதுவாகி, மெதுவாகி. திட்டியவர் சரிவுப் பக்கம் திரும்பினார். நாரைகள் மொத்தமாக எழும்பின. அதற்கப்புறம் அவர் கூப்பிட்டார், என் பெயரைத்தான், "பிலோ," என்று, கன்றுக்குட்டி மாதிரி. என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சரியான பக்கம்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டார். இரண்டு கையும் முறிந்து, தோளெலும்பு விலகி, கம்பி தொடையோடு போயிற்று, வயிற்றில் இல்லை. ஷூ கழலாததால் கணுக்கால் முழுதாகத் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் வந்தார்கள். டாக்டர் சுபத்ரா போலீஸ்காரரிடம் சொன்னார், "இந்தப் பொண்ணு சரியாத்தான் கைகாட்டினா. எனக்கும் காட்டினா. அவர் கேக்கலை." என்னைத் திட்டியவர் கைகூப்பி, "நீங்க மட்டும் குறுக்க வரலைன்னா," என்று முடிக்க முடியாமல் அழுதார். கட்டிலிலிருந்து ரெஜி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குக் குறுக்கே வந்தேன். அவருக்குக் கை மட்டும் காட்டினேன். இந்த வித்தியாசம் இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவருக்கு முகம் வீங்கி இன்னும் பேச்சு வரவில்லை. எனக்குப் பயம் போய்விடவில்லை. கட்டுப் பிரிக்கிற நாள் வரும், அந்தக் கைகள் கூடும், அதற்குள் நானும் ஜெனியும் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும், டாக்டர் சுபத்ரா தன் நம்பரை ஆயின்மென்ட் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அது அப்புறம். நர்ஸ் ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் வைத்துவிட்டு, "ரெண்டு கையும் கட்டு, நீங்கதான் ஊட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலோரம் உட்கார்ந்தேன். ஜெனி மடியில் உட்கார்ந்து கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு பருக்கையை எடுத்துத் தின்றாள், அவள் கையால். நான் அள்ளினேன். கை தானாகவே வந்தது, இந்தமுறை உட்காரவில்லை. அவர் உதட்டருகே கொண்டுபோனேன். எந்தக் கை என்று பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் கையை இறக்கவில்லை. ரசம் மணிக்கட்டு வழியாக வழிந்து, ஸ்கேல் விழுந்த மேட்டைத் தாண்டி, முழங்கைக்குப் போனது.

"இதுதாங்க சோத்தாங்கை," என்றேன்.

வழிகிற ரசத்தைப் பார்த்தார். பசி இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார்.